பிழையில்லாத வசனம்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
12 செப்டெம்பர் 2023

அன்புள்ள தங்கச்சி அருளுக்கு,

மாதாவின் காவலில் நான் இங்கே சுகம். உனக்கும் அந்தக் காவல் குறையாதிருக்க மன்றாடுகிறேன். போன கடிதத்தில் முழங்காலைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. அதனால் வலி கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எண்ணெய் பூசிக்கொண்டிராமல் டொக்டரிடம் போ.

வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கலாமே என்று கேட்டிருந்தாய். என் காதுக் கருவி தொலைபேசியில் சீறுகிறது. அதோடு, முகத்தைக் கண்டால் நீ அழுவாய், நான் ஏசுவேன். கடிதமே எங்கள் இருவருக்கும் நல்லது.

கொட்வினும் மருமகள் ஷெறோனும் குட்மேய்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். லண்டனின் ஒரு தொங்கலில் அவர்கள், மறு தொங்கலில் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள், அவனுக்கு ஷிப்ட் இல்லாவிட்டால்.

எனக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லை. கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு. இதை இடைநிலை வகுப்பு என்கிறார்கள். பஸ் பிடிக்கவும் கடையில் கேட்டு வாங்கவும் டொக்டருக்கு வருத்தம் சொல்லவும் இவர்களுக்குத் தெரியும். ஒரு பந்தி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஆப்கானிஸ்தான் பெண் ஒருத்தி, ருமேனியர் இருவர், மிச்சம் எங்கட ஆட்கள்.

பொறுப்பாக இருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளை என்னிடம் வர்ண அட்டைகளைத் தந்து, குழுவாக இருத்திக் கதைக்க விடச் சொன்னாள். அட்டைகளை அலுமாரியில் வைத்துவிட்டேன். மதர் பெனடிக்ற்றா எங்களுக்கு எப்படிப் படிப்பித்தாரோ அப்படித்தான் நானும். பந்தியை இரண்டு முறை உரத்து வாசி. மூடு. மனத்திலிருந்து எழுது. பிறகு அதே வசனங்களில் உன் ஊரையும் உன் ஆட்களையும் வைத்து எழுது. பிழையில்லாத வசனம் ஒன்று கையில் கிடைத்தால் அதைத் தொடாதே, அதற்குள் போய்க் குடியிரு என்பாரே, நினைவிருக்கிறதா? முதல் நாளே அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

குளிருக்கு முன் உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன். அங்கே குளிர் ஏது என்று எழுதாதே. பனிக்காலத்தில் விடியப் பூசைக்குப் போகப் போடு.

உன் அக்கா,
மரியமலர்

*

சுண்டிக்குளி, யாழ்ப்பாணம்
15 ஒக்டோபர் 2023

அன்பான அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையாலை நானும் இருக்கிறன். முழங்கால் கூடித்தான் போச்சு. நான் எழுதாததையும் வாசிக்கிற ஆள் நீங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ.

வகுப்பு எடுக்கிறது சந்தோசம். அந்தச் சனம் பாவம், கொஞ்சம் மெதுவாய் ஏசுங்கோ. மதர் பெனடிக்ற்றா அடிமட்டத்தால போட்ட அடி என்ர விரல் கணுவுக்கு இப்பவும் ஞாபகம்.

மாதக் கடைசியில பஸ் பிடிச்சு, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுச் சனம் இருக்கிற வீதியோரக் கொட்டிலுக்குப் போறனான். காலை நீட்டிக்கொண்டு இருக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரை தருவினம். தாய்மார் எல்லாரும் பிள்ளையளின்ர படத்தை மடியில வைச்சிருப்பினம். முந்தி நிறையப் பேர். இப்ப அவை இருந்த வாங்கில் வெறுமையாகிக்கொண்டு வருது, ஒவ்வொருத்தராய்ச் சாகினம்.

அக்கா, நான் ஒவ்வொரு கடிதத்திலயும் கேக்கிறன். என்னட்டை இருக்கிறது உங்கட மூத்தவன் ராசாவின்ர முதல் நன்மைப் படம் மட்டும்தான். வெள்ளை உடுப்பு, கையில மெழுகுதிரி. பக்கத்தில இருக்கிற மனுசி போன மாதம் கேட்டவ, இந்தச் சின்னப் பிள்ளையையோ கொண்டு போனவங்கள் எண்டு. பதினெட்டு வயசிலை அடையாள அட்டைக்கு எடுத்த படம் உங்கட பெட்டிக்குள்ள இருக்கு. அதில ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கோ. அவனுக்கு மீசை இருந்தது எண்டு சனம் அறியட்டும்.

எல்லாத்துக்கும் பதில் எழுதிறியள். இதுக்கு மட்டும் எழுதிறியள் இல்லை.

கொட்வினுக்கும் ஷெறோனுக்கும் என்ர அன்பு.

அருள்மலர்

*

ரெய்னர்ஸ் லேன்
9 நவம்பர் 2023

அன்புள்ள அருள்,

சகல ஆன்மாக்களின் மாதம். உன் அத்தானுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேன். எனக்குச் சுகத்தில் குறையில்லை. முழங்காலுக்கு உறை ஒன்று கம்பளிச் சட்டையோடு அனுப்பியிருக்கிறேன். வலது காலுக்குப் போடு.

வகுப்பு நன்றாக நடக்கிறது. இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டும். தனுஷியா என்றொரு பெண், முல்லைத்தீவுப் பக்கம், முப்பது வயதிருக்கும். முன் வாங்கிலில் இருப்பாள். வாசித்த பந்தியை ஒரு சொல் பிசகாமல் திருப்பி எழுதுவாள். மற்றவர் குகதாசன், கடலுக்குப் போனவர், நாற்பதைத் தாண்டியவர். கடைசி வாங்கில். பேனையைத் துடுப்பைப் போலப் பிடிப்பார். ஆனால் அவருக்கும் ஞாபகம் நல்லது. இரண்டு பேரும் இங்கே இருக்க அனுமதி கேட்டு வழக்கில் இருக்கிறவர்கள். இருவருக்கும் வேறு வேறு வக்கீல்கள். வகுப்பில் வணக்கம் சொல்வதைத் தவிர ஒருவரோடொருவர் கதைப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் கதையைத் தங்களுக்குத் தெரிந்த மாதிரிச் சொல்லிக் கெடுக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் குறை. நீங்களே உங்கள் கையால் ஆங்கிலத்தில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள் என்றேன். இவ்வளவு காலம் என்ன படித்தீர்கள்? எழுதியும் கொடுத்துவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லித் தனுஷியா கேட்டாள். நான் பார்க்கவில்லை. அது அவரவர் சொந்த விஷயம். அதைக் கேட்பதும் காட்டுவதும் எனக்குப் பிடிக்காது.

பாடப் புத்தகத்தில் விமான நிலையத்தில் பெட்டியைத் தொலைத்த மனிதரைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. இவர்களுக்கு அதை எப்படி வாசித்துக் காட்டுவது? ஆகவே செப்டெம்பரிலேயே நானே ஒன்று எழுதினேன். சிறிய வசனங்கள். வகுப்பு முழுவதும் அதை மனனம் செய்துவிட்டது. ஆங்கிலத்தை மறந்துவிட்டாயோ என்று பார்க்க உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
மரியமலர்

*

சுண்டிக்குளி
8 டிசம்பர் 2023

அன்பான அக்கா,

சட்டையும் உறையும் வந்தது. நன்றி. இண்டைக்கு அமலோற்பவ மாதா திருநாள். பூசை முடிஞ்சு வந்து இதை எழுதிறன்.

உங்கட ஆங்கிலப் பந்தியை வாசிச்சன். மறக்கேல்லை. தமிழில திருப்பிச் சொல்லிறன், சரியோ பாருங்கோ.

அன்று விடியற்காலை நாய் குரைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒருவரும் அதை இறக்கவில்லை. அவர்கள் போன பின் வாசலில் ஒரு செருப்பு கிடந்தது.

அந்தப் பாலை வைச்சது நான் அக்கா. கொட்வினுக்கு எண்டு வைச்சன். வந்தவங்கள் ராசாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட நேரம் எனக்குப் பக்கத்தில பால் பொங்கினது. கை நீட்டினால் இறக்கலாம். நான் இறக்கேல்லை. நாய் ஏன் குரைக்கேல்லை எண்டு இண்டு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இத்தினை வருசத்தில நீங்கள் அதைப் பற்றி என்னோடை ஒரு சொல் கதைச்சதில்லை. எங்கையோ இருந்து வந்த சனத்துக்கு உரத்து வாசிச்சுக் காட்டியிருக்கிறியள். இது ஆரின்ர கதை எண்டு அவைக்குத் தெரியுமோ?

ஒண்டு சொல்லிறன், கோவிக்க வேண்டாம். நீங்கள் லண்டனுக்குப் போனவுடன, பிள்ளை ஒண்டுதான் எண்டு எல்லாருக்கும் சொன்னதாய் அத்தான் எனக்கு எழுதினவர். சின்னப் பொடியன் கொட்வினுக்கும், ஆர் கேட்டாலும் நான் ஒரே பிள்ளை எண்டு சொல் எண்டு பாடமாக்கிக் குடுத்தியளாம். ஏன் எண்டு நான் கேக்கேல்லை. ஆனா இஞ்சை ராசாவைக் காணாமல் போனவன் எண்டு பதியத் தாயின்ர பேர் கேட்டினம். நீங்கள் கையெழுத்து வைக்கமாட்டியள் எண்டு தெரியும். நான் என்ர பேரைக் குடுத்திட்டன். கொட்டிலில என்னை எல்லாரும் ராசான்ர அம்மா எண்டுதான் கூப்பிடினம். கலியாணம் கட்டாத எனக்கு அப்பிடி ஒரு பேர்.

படத்தை அனுப்புங்கோ.

நத்தார் வாழ்த்துக்கள்.

அருள்

*

ரெய்னர்ஸ் லேன்
20 பெப்ரவரி 2024

அன்புள்ள அருள்,

இரண்டு மாதமாக எழுதவில்லை. சளிக்காய்ச்சல். இப்போது சுகம். நத்தாருக்குக் கொட்வின் வீட்டில் நின்றேன். ஷெறோன் கேக் நன்றாகச் செய்கிறாள், சீனிதான் அதிகம்.

உன் கடிதத்தில் இருந்தவற்றைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை. வகுப்பில் ஒரு வில்லங்கம்.

தனுஷியாவின் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். குகதாசனுடையதையும். வகுப்பு முடிந்த பின் மறுப்புக் கடிதத்தை அவள் என் மேசையில் வைத்தாள். இவளுடைய வாக்குமூலத்தில் இருக்கும் வசனங்கள் வேறொருவருடைய வாக்குமூலத்திலும் எழுத்துக்கு எழுத்து இருக்கின்றன, ஆகவே இது சொல்லிக் கொடுக்கப்பட்ட கட்டுக்கதை என்று எழுதியிருந்தது. அந்த வசனங்களையும் போட்டிருந்தார்கள். நாய், பால், செருப்பு.

உன் வீட்டில் பால் பொங்கியதா என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். அந்த நேரம் எங்களிட்டைப் பால் எங்காலை, வெறும் தேத்தண்ணிதான்."

"பிறகு ஏன் எழுதினாய்?"

"பிழையில்லாத வசனம் ரீச்சர். தொட வேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆனா என்ர அண்ணையைக் கொண்டு போகேக்கையும் நாய் குரைக்கேல்லை. செருப்பும் கிடந்தது. அதை வேறை எப்பிடி எழுதிறது?"

நான் அவளுக்கு ஏசிவிட்டேன். வகுப்புப் பாடம் வகுப்புக்கு, சத்தியம் பண்ணிக் கொடுக்கும் கடதாசியில் யாராவது பாடத்தை எழுதுவார்களா என்று கேட்டேன். குகதாசனும் அதே வேலை செய்திருக்கிறார். தங்களுடைய மூளையை ஒரு நாளும் பாவிக்காத மனிதர்கள். அவள் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மேன்முறையீடு செய்வாளாம். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அவளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மரியமலர்

*

சுண்டிக்குளி
17 மார்ச் 2024

அக்கா,

நான் சுகம். நீங்களும் சுகம் எண்டு நம்பிறன். இந்த முறை மற்றது ஒண்டும் எழுதேல்லை.

அந்தப் பிள்ளைக்கு ஏன் ஏசினீங்கள்? அவளின்ர வீட்டிலை பால் இல்லை. எங்கட வீட்டுப் பாலைத்தான் அவள் எழுதினவள். நீங்கள்தான் குடுத்தனீங்கள், குடிக்கச் சொல்லி. அவள் குடிச்சாள். இப்ப கள்ளி எண்டிறியள்.

போய்ச் சொல்லுங்கோ அக்கா. அந்த வசனம் என்ரை, அந்தப் பால் என்ர வீட்டுப் பால், கொண்டு போனது என்ர பிள்ளையை எண்டு சொல்லுங்கோ. மதர் பெனடிக்ற்றா படிப்பிச்ச விதத்தையும் சொல்லுங்கோ. உங்களைத் தவிர வேறை ஒருத்தராலும் அதைச் சொல்ல ஏலாது.

கொட்வினையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவன் என்ர பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவன்.

அருள்

*

ரெய்னர்ஸ் லேன்
28 ஜூலை 2024

அன்புள்ள அருள்,

பெரிய வெள்ளிக்கும் உன் பிறந்த நாளுக்கும் நான் எழுதவில்லை என்று தெரியும். சுகயீனம் ஒன்றுமில்லை.

தனுஷியாவின் வழக்கு செப்டெம்பரில் விசாரணைக்கு வருகிறது. நான் சாட்சி சொல்லப் போகிறேன். அவளுடைய வக்கீல் மேனுஷா, இங்கே பிறந்த எங்கட பிள்ளை. தமிழ் விளங்கும், ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். என்னை இருத்தி, அந்தப் பந்தி கற்பனையா என்று கேட்டாள். இல்லை என்றேன். யாருடையது என்றாள். சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருடமாக நான் பார்க்க விரும்பாத முகம் அதுதான், அருள். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகள் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டு என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு அந்த முகம் வரும். ஒன்று என்றால் தேத்தண்ணீர் வரும்.

ஆதாரம் ஏதாவது உண்டா என்றாள். உன் பதிவைச் சொன்னேன். தாய் என்று வேறு பெயர் இருந்தால் அது எங்களுக்கு எதிராகவே நிற்கும், வேண்டாம் என்றாள். படம் கேட்டாள். பெட்டியை நான் திறக்கவில்லை. மற்ற மகனைக் கூட்டி வாருங்கள் என்றாள். தேவையில்லை என்றுவிட்டேன். கொட்வினுக்கு அப்போது ஏழு வயது. ஷெறோனுக்கு இது ஒன்றும் தெரியாது, இனித் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஆசிரியையாக இருந்தவள். பொய் சொல்லும் ஆள் இல்லை என்பது என்னைப் பார்க்கிற எவருக்கும் விளங்கும். என் சொல் போதும். அவசரத்துக்கு என்று கொட்வினுடைய தொலைபேசி இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். மேனுஷா விடவில்லை.

குகதாசனுக்கு வழக்கு இல்லை. மேன்முறையீட்டுத் தவணையைத் தவறவிட்டுவிட்டார். மே மாதம் வழமைபோல் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே மறித்துத் தடுப்பில் வைத்திருக்கிறார்கள் என்று அவரோடு அறையில் இருந்தவர் சொன்னார். அவருடைய கொப்பி வகுப்பு அலுமாரியில், வர்ண அட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எனக்காக மன்றாடு. மற்றவர்களுக்காக நீ எப்போதும் மன்றாடுகிறவள்தானே.

மரியமலர்

*

சுண்டிக்குளி
21 ஒக்டோபர் 2024

அன்பான அக்கா,

இது நான் எழுதிற மூண்டாவது கடிதம். முதல் ரண்டும் கிடைச்சுதோ தெரியாது. வழக்கு என்ன மாதிரி? அந்தப் பிள்ளை எங்கை? நீங்கள் சுகமாய் இருக்கிறியளோ?

மழை துவங்கீற்றுது. கொட்டிலின்ர தகரம் ஒழுகுது. படத்தைப் பொலித்தீனில சுத்தி வைச்சிருக்கிறன்.

பதில் எழுத ஏலாட்டி வெறும் கடதாசியை எண்டாலும் உறையிலை போட்டு அனுப்புங்கோ.

அருள்

*

குட்மேய்ஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

கொட்வின் எழுதுறன். நீங்கள் சுகம் எண்டு நினைக்கிறன். அம்மாவின்ர மேசையில உங்கட கடிதங்கள் உடைக்காமல் இருந்தது. அதுதான் நான் எழுதுறன். தமிழில எழுதி எத்தினையோ வருசம். பிழை இருந்தால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

தனுஷியா தோத்திட்டா. போன கிழமை முடிவு வந்தது.

நடந்ததைச் சொல்லிறன். அம்மா நீலச் சீலை கட்டிக்கொண்டு தனியப் போயிருக்கிறா. எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. வகுப்பில எப்பிடிப் பாடமாக்க வைச்சவ எண்டு நல்ல விளக்கமாய்ச் சொன்னவவாம். நீதிபதி எழுதிக்கொண்டு இருந்தவராம். பிறகு அரசாங்கத்தின்ர வக்கீல் எழும்பி, அந்தப் பந்தி உங்கட மகனைப் பற்றினது எண்டால், இந்த நாட்டிலை அந்த மகனைப் பற்றி ஆருக்குத் தெரியும் எண்டு கேட்டவராம். அம்மா யோசிச்சிட்டு, ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொன்னவ. உங்கட மற்ற மகன் ஏன் வரேல்லை எண்டு கேட்டதுக்கு, என்ர சொல் போதாதோ எண்டு திருப்பிக் கேட்டவவாம்.

அப்பதான் மேனுஷா இடைவேளை கேட்டு எனக்குக் கோல் எடுத்தவ. நான் கடையில, பின்பக்கம் லொறி இறக்கிக்கொண்டு நிண்டன். தெரியாத நம்பர். தன்ர பேரைச் சொல்லி, மரியமலரின்ர மகனோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். உங்களுக்கு ஒரு அண்ணா இருந்தவரோ எண்டு கேட்டா.

"இல்லை, நான் ஒரே பிள்ளை" எண்டு சொன்னன்.

நான் யோசிக்கேல்லை சின்னம்மா. யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலை, கோயிலிலை, ஷெறோனை முதல் முதல் கண்ட நேரம், எல்லா இடமும் சொன்ன வசனம். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அவ தாங்ஸ் எண்டு சொல்லி வைச்சிட்டா. நான் போய்த் தக்காளிப் பெட்டியை எடுத்தன். லொறி போன பிறகுதான் அண்ணா என்னைச் சைக்கிள் பாரிலை வைச்சுக்கொண்டு போறது ஞாபகம் வந்தது. நான் அவரின்ர கையை, ஹான்டிலிலை இருந்த கையைத்தான் பாத்துக்கொண்டு போறனான். முகம் வரேல்லை.

திருப்பி எடுத்தன். போன் ஓஃப். பின்னேரம்தான் கிடைச்சவ, எல்லாம் முடிஞ்சுது. பிறகு, அண்ணா இருந்தவர் எண்டு நான் எழுதிக் குடுத்ததை நீதிபதிக்கு அனுப்பினவ. தீர்ப்பிலை அதைப் பற்றி ஒரு வரி இருக்கு. குடும்பத்துக்குள்ளை இருந்து பிந்தி வந்தது எண்டும், அதுக்குப் பெரிய பெறுமதி குடுக்க ஏலாது எண்டும். அம்மாவைப் பற்றியும் இருக்கு. தன்ர மாணவியில இரக்கப்பட்ட நல்ல ஆசிரியையாய் இருக்கலாம், ஆனா அப்பிடி ஒரு மகன் இருந்ததாய் நீதிபதி ஏற்றுக்கொள்ளேல்லை எண்டு.

நான் அம்மாட்டைப் போய், போனிலை நான் சொன்னதைச் சொன்னன். ஏசுவா எண்டு நினைச்சன். ஏசேல்லை. "நல்லாய்ப் பாடமாக்கியிருக்கிறாய்" எண்டு மட்டும் சொன்னவ. பிறகு எனக்குச் சாப்பாடு போட்டுத் தந்தவ.

ஷெறோனுக்கு இப்ப எல்லாம் தெரியும். என்னோடை கதைக்கிறது குறைவு.

அம்மாவுக்கு எழுதுங்கோ. உடைக்காட்டியும் எழுதுங்கோ.

உங்கட மகன் மாதிரி,
கொட்வின்

*

ரெய்னர்ஸ் லேன்
15 டிசம்பர் 2024

என் அருளுக்கு,

உன் கடிதங்களை உடைத்து, தேதி ஒழுங்கில் வாசித்தேன். எனக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. உன் காலைப் பற்றி நீ மறுபடியும் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

கொட்வின் உனக்கு எழுதியதாகச் சொன்னான். அப்படியானால் நான் திருப்பி எழுதத் தேவையில்லை. நீதிபதி மரியாதையான மனிதர். எனக்குத் தண்ணீர் தரச் சொன்னார். நான் இருபத்தைந்து வருடம் எல்லோருக்கும் சொன்னதைத்தான் அவர் நம்பினார். அதில் அவருடைய பிழை என்ன என்று எவ்வளவோ தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வகுப்பை விட்டுவிடலாம் என்று இருந்தேன். தனுஷியா வந்து கதவைத் தட்டினாள். அவளுடைய அறையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். வழியில்லாமல் ஆர்ச்வேயில் முருகன் கோயிலில் கண்ட ஒரு குடும்பத்தோடு இருக்கிறாள், எவ்வளவு நாளைக்கோ தெரியாது. மேனுஷா இன்னும் ஏதோ முயற்சி செய்கிறாள், ஆனால் என் கண்ணைப் பார்த்துக் கதைப்பதில்லை. தனுஷியா என்மேல் கோபப்பட வந்தாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை வகுப்பு உண்டா என்று கேட்க வந்திருக்கிறாள்.

இத்தோடு ராசாவின் படத்தை வைத்திருக்கிறேன். பிரதி இல்லை, அசல். என்னிடம் இனி வேறு படம் இல்லை. பின்பக்கத்தில் அவனுடைய பெயரையும் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். கொட்டிலில் உன்னை அவனுடைய அம்மா என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்தப் போகாதே. அந்தப் பெயருக்கு மழையில் இருந்தவள் நீ. ஆனால் அவர்கள் படத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டால், தாய் லண்டனில் இருக்கிறாள் என்று சொல். நம்பாவிட்டால் விட்டுவிடு.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனேன். பந்தி ஒன்றும் ஆயத்தம் செய்யவில்லை. கரும்பலகையில் ஒரே ஒரு வசனம் எழுதினேன்: எனக்கு இரண்டு மகன்கள். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், முழு வகுப்பும் குனிந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறது. ஆப்கான் பெண்ணுக்கு நான்கும் பெண் பிள்ளைகள். அவளும் எழுதுகிறாள். கலியாணமாகாத தனுஷியாவும் வடிவான கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்துப் பேனையை மூடிவிட்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் போய், அதைக் கோடு போட்டு வெட்டு என்றேன்.

அவள் பயந்துபோய்க் கரும்பலகையையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிழையில்லாத வசனம்தானே ரீச்சர்."

"ஓம்," என்றேன். "ஆனால் அது என்ரை."

அவள் வெட்டினாள். பிறகு பேனையைத் திறந்தபடி வைத்துக்கொண்டு இருந்தாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய், மண்டபத்துக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரும் வரைக்கும் இருந்தாள். அந்த வசனத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

படம் கிடைத்ததும் எழுது. ஒழுகாத இடமாகப் பார்த்து வை.

அன்புடன்,
மரியமலர்